கடலுக்குப் பட்டா உண்டா? – வாசகர் கேள்வி பதில்

மீன்பிடி உரிமங்களைப் பற்றி நான்கு வாசகர்கள் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கத்தை அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவின் அலாஸ்காவில் சால்மன் பிடிக்கும் உரிமம் நிலத்தைப் போல விற்கப்படுகிறது என்றும், இரண்டு லட்சம் டாலருக்கு மேல்கூட விலை போயிருக்கிறது என்றும் அங்கே வேலை பார்த்துத் திரும்பிய என் மருமகன் சொன்னார். கடல் யாருடைய பட்டா நிலம்? ஓர் அரசு இதை எப்படி அனுமதிக்கிறது? – வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் மருமகன் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உரிமம் எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் விலையை மட்டும் பார்த்தால் அதன் நியாயமும் அநியாயமும் பிடிபடாது.

1959இல் அலாஸ்கா மாநிலமானபோது, இயற்கையான நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கும் தனியுரிமையை எவருக்கும் தரக்கூடாது என்று அதன் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். வெளியூர் முதலாளிகளின் டின் மீன் ஆலைகள் கரையோரங்களில் பெரிய பெரிய மீன்பொறிகளை நிறுத்திச் சால்மனை வாரிக்கொண்டு போனதைப் பல ஆண்டுகள் பார்த்துக் கொதித்த மக்கள் அவர்கள். மாநிலமானவுடன் அந்தப் பொறிகளை ஒழித்தார்கள். ஆனால் கடல் எல்லோருக்கும் பொது என்று திறந்து விட்டபோது, வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகப் படகுகள் பெருகின, மீனோ பெருகவில்லை. 1936இல் 12 கோடிக்கும் அதிகமான சால்மன் பிடிபட்ட மாநிலத்தில் 1973, 1974 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி மீன்தான் கிடைத்தது.

ஆகவே 1972இல் மக்களே வாக்களித்து அரசமைப்பைத் திருத்தினார்கள். மீன்வளத்தைக் காப்பதற்காகவும், மீனவர்களும் அவர்களை நம்பிப் பிழைப்பவர்களும் நொடித்துப்போகாமல் தடுப்பதற்காகவும் தொழிலுக்குள் நுழைவதை அரசு கட்டுப்படுத்தலாம் என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். 1973இல் சட்டம் வந்தது. 1975இல் சால்மன் உரிமங்கள் நடைமுறைக்கு வந்தன. அடுத்த ஆண்டே இதை ரத்து செய்யக் கோரி ஒரு வாக்கெடுப்பு நடந்தபோது, மக்கள் ரத்து வேண்டாம் என்றே சொன்னார்கள்.

சட்டத்தின் பார்வையில் அந்த உரிமம் பட்டா அல்ல. அது பயன்படுத்திக்கொள்ளத் தரப்பட்ட சலுகை மட்டுமே. இழப்பீடு தராமலேயே சட்டமன்றம் அதை மாற்றவோ திரும்பப் பெறவோ முடியும். அதை ஒரு நிறுவனத்தின் பெயரில் வைத்திருக்க முடியாது. நோய்நொடி போன்ற அவசரம் இல்லாமல் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட முடியாது. உரிமக்காரர் மீன்பிடிக்கும் இடத்தில் தாமே இருக்க வேண்டும். இவை எல்லாம் உழைப்பவன் கையிலேயே உரிமம் இருக்க வேண்டும் என்று யோசித்து வைத்த விதிகள். அவற்றை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

எனக்கு உடன்பாடில்லாதவை இரண்டு. முதலாவது, தொடக்கத்தில் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது. அதுவரை தன் பெயரில் உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு தொழில் செய்தார், அந்த வருமானத்தை எவ்வளவு நம்பியிருந்தார் என்று மதிப்பெண் போட்டுக் கொடுத்தார்கள். அண்ணனின் படகிலும் மாமனின் படகிலும் கூடவே போய் வலை இழுத்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இரண்டாவது, அந்த உரிமத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று விட்டது. இந்தத் தாராளமான விற்பனை செல்லும் என்று 1983இல் அலாஸ்கா உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இதன் விளைவைப் பிரிஸ்டல் விரிகுடாவில் பார்க்கலாம். உலகிலேயே மிக அதிகமாகச் சிவப்புச் சால்மன் வரும் இடம் அது. படகிலிருந்து செவுள் வலை விடுவதற்கு அங்கே சுமார் 1,860 உரிமங்கள் உண்டு. அங்குள்ள யூப்பிக் முதலிய பழங்குடிக் கிராமங்களில் ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண்டு மீன்பாடு இல்லை, வீட்டில் ஒருவருக்கு மருத்துவச் செலவு, படகின் எஞ்சினும் பழுது. அந்த வீட்டில் உடனே பணமாக்கக்கூடிய ஒரே பொருள் அந்த உரிமம்தான். அதை வாங்கக் காசோடு நிற்பவர் பெரும்பாலும் வெளி மாநிலத்துச் சியாட்டில் நகரப் பக்கத்துக்காரர். விற்ற பணம் இரண்டு குளிர்காலத்தில் கரைந்துபோகும். மகன் தலையெடுத்துக் கடலுக்குப் போக வேண்டும் என்றால், அப்பா விற்றதையே அன்றைய விலைக்கு அவன் வாங்கியாக வேண்டும். 1980களின் இறுதியில் அந்த விலை 2 லட்சம் டாலரைத் தாண்டியது. பின்னர் நார்வே, சிலி நாடுகளின் பண்ணைச் சால்மன் சந்தையை நிறைத்து மீனின் விலையைச் சாய்த்ததால், 2002 வாக்கில் உரிமத்தின் விலை ஏறக்குறைய 20 ஆயிரம் டாலராக விழுந்தது. ஏறினால் உள்ளூர் இளைஞனுக்கு எட்டாது, இறங்கினால் கடன்பட்டவன் வந்த விலைக்குத் தள்ளிவிடுவான் என்று இரண்டு பக்கமும் இடிபட்டதில், அந்த வட்டாரத்துக் கிராமத்தவர் கையிலிருந்த உரிமங்களில் பாதிக்கும் மேல் இன்று அவர்களிடம் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதன்பின் சால்மன் திரும்பிப் பெருகியதற்கு உரிமம் மட்டுமே காரணம் அல்ல. 1970களின் பிற்பகுதியில் வட பசிபிக் கடலின் வெப்பநிலை சால்மனுக்குச் சாதகமாக மாறியதும், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன் அந்தந்த நாட்டுக்கே என்ற எல்லை வந்ததால் வெளிநாட்டுக் கப்பல்கள் விலகியதும் சேர்ந்தே அதைச் செய்தன.

கேள்வி: மொத்தம் இவ்வளவு மீன்தான் பிடிக்கலாம் என்று அரசு ஓர் அளவை நிர்ணயித்து, அது எட்டியதும் நிறுத்திவிட்டால் போதாதா? உரிமமும் ஆளுக்கு ஒரு பங்கும் எதற்கு? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அதே அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு நீங்கள் சொல்வதைத்தான் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1923இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிறந்த ஆணையம் ஆண்டுதோறும் மொத்த அளவைத் தீர்மானிக்கும். படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. அளவு மாறாமல் படகு மட்டும் பெருகினால் சுருங்குவது நாள்தான். 1990களின் தொடக்கத்தில் முக்கியமான பகுதிகளில் ஆண்டு முழுவதற்குமான ஹாலிபட் தொழில், 24 மணி நேரம் வீதம் இரண்டு மூன்று நாட்களுக்குள் முடிந்துபோனது.

அந்த 24 மணி நேரத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். புயல் அடித்தாலும் தேதி மாறாது. போகாதவருக்கு அந்த ஆண்டு வருமானம் இல்லை. ஒரே நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டி இரை கோத்த ஆயிரங்கால் தூண்டிலை, ஒருவர் விட்டதன்மேல் இன்னொருவர் விட்டுச் சிக்கவைப்பார்கள். நேரம் முடியும்போது இழுக்க முடியாத தூண்டில் கயிற்றை அறுத்து விட்டுவிடுவார்கள், அது யாருக்கும் பயன்படாமல் கடலடியில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். தூங்காத கண்ணோடு, கொள்ளளவுக்கு மேல் மீனை ஏற்றிக்கொண்டு திரும்பும் படகு அலையில் கவிழும். தப்பி வந்த மீன் எல்லாம் ஒரே நாளில் துறைமுகத்தில் குவிவதால் விலை இருக்காது. பெரும்பகுதி உறைபனிக் கிடங்குக்குத்தான் போகும்.

1995இல் தனிநபர் பங்கு முறை வந்தது. ஒவ்வொருவருக்கும் மொத்த அளவில் இவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் முண்டியடிக்கத் தேவையில்லாமல் போயிற்று. ஏறக்குறைய எட்டு மாதம் கடல் திறந்திருந்தது. நல்ல காற்று பார்த்துப் போனார்கள், புது மீன் புது மீனாகவே விற்றது, கடலில் ஆபத்தும் குறைந்தது. இந்த ஒன்றுக்காகவே நான் பங்கு முறையை ஆதரிக்கிறேன். ஆனால் பங்குகளைப் படகு உரிமையாளர்களுக்கும் படகைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டியவர்களுக்கும் மட்டுமே பிரித்துக் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த கூலிப் பங்காளிகளுக்கு ஒன்றும் இல்லை. படகுகள் குறையக் குறைய அவர்களுடைய வேலையும் குறைந்தது. எஞ்சியவர்களில் பலருக்கு, பங்கு உரிமையாளருக்கான வாடகை போல ஒரு தொகையைக் கழித்துக்கொண்ட பிறகே கூலி கிடைத்தது.

கேள்வி: பணக்காரர் கைக்குப் போகாமல் கிராமத்திடமே உரிமை நிலைக்கும்படி எங்கேனும் செய்திருக்கிறார்களா? இராமேசுவரத்தில் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நமக்கு அது பொருந்துமா? – வாசகர், இராமநாதபுரம்

பதில்: செய்திருக்கிறார்கள். 1992இல், அலாஸ்காவுக்கு மேற்கே உள்ள பெரிங் கடலின் பொல்லாக் மீனில் 7.5 விழுக்காட்டைக் கரையோரக் கிராமங்களுக்கென்று ஒதுக்கினார்கள். பின்னர் ஹாலிபட் முதலியவற்றிலும் பங்கு தந்தார்கள். இன்று 65 கிராமங்கள் ஆறு குழுக்களாக அந்த ஒதுக்கீட்டை வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் அந்த மீனைப் பிடிக்கும் வாய்ப்பை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம். ஆனால் கடன் வந்ததென்று எந்தக் குடும்பமும் அதை ஒரே நாளில் விற்றுவிட முடியாது. இதையே முதலிலிருந்தே சால்மனுக்கும் செய்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கே ஒரு வலையில் விழுவது பெரும்பாலும் ஒரே வகை மீன். நம் விசைப்படகின் மடியில் ஒரே இழுப்பில் பல வகை மீனும் இறாலும் நண்டும் கலந்து வரும்போது எந்த மீனுக்கு எவ்வளவு என்று ஒதுக்குவது? நம்முடைய 61 நாள் தடைக்காலமும், பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையும் நேரத்தைத்தான் வரையறுக்கின்றன, மீனின் அளவை அல்ல.

கேள்வி: கடலுக்குள் இருக்கும் மீனை யார் எண்ணுகிறார்கள்? – பள்ளி மாணவி, கடலூர்

பதில்: சால்மன் முட்டையிடுவதற்குக் கடலிலிருந்து தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன் என்பதால், ஆற்றில் எண்ணுகிறார்கள், மகளே. பிரிஸ்டல் விரிகுடாவின் தெளிந்த ஆறுகளில் இரண்டு கரையிலும் உயரமான கோபுரம் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் அதில் ஏறி, ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம், கீழே கரையோரமாக எதிர்நீச்சல் போடும் மீன்களைக் கையிலுள்ள எண்ணும் கருவியை அழுத்தி அழுத்திக் கணக்கிடுவார். அதை 6ஆல் பெருக்கினால் அந்த மணி நேரத்தின் கணக்கு. நீர் கலங்கிய ஆற்றில் ஒலியலைக் கருவி அந்த வேலையைச் செய்யும். அங்கே மொத்தப் பிடிக்கு முன்கூட்டி அளவு கிடையாது. முட்டையிடப் போதுமான மீன் மேலே போய்விட்டதா என்பதே கேள்வி. 2022இல் ஏறக்குறைய 7.9 கோடி மீன் திரும்பி வந்தது. அதில் சுமார் 6 கோடியைப் பிடிக்க விட்டார்கள். மேலே போகும் கணக்கு பின்தங்கும் நாளில் அதிகாரி அவசர உத்தரவு போட்டு அந்தப் பகுதியை மூடிவிடுவார். 2 லட்சம் டாலர் கொடுத்து உரிமம் வாங்கியவரின் வலையும் அன்று படகிலேயேதான் கிடக்கும்.