பிரகலாதன் பாடத்தையும் படித்தான்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண், கட்-ஆஃபும் மோசமில்லை, பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவும் செய்தாயிற்று. இப்போது போய்ப் பையன், "இதெல்லாம் வயிற்றுப்பிழைப்புப் படிப்பு, எனக்கு வேண்டாம். 'ஸா வித்யா யா விமுக்தயே', விடுதலை தருவதுதான் கல்வி" என்கிறான். அவன் அப்பா சத்தம் போடுகிறார். சாமியாராகப் போய்விடுவானோ என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் சொல்கிற வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அது எங்கே வருகிறது தெரியுமா? விஷ்ணு புராணம், முதல் அம்சம் (அதாவது முதல் பகுதி), 19-ஆம் அத்தியாயம். குருகுலத்தில் அரச நீதி படித்துவிட்டு வந்த பிரகலாதனை இரணியகசிபு கேள்வி கேட்கிறான்: நண்பனிடம் அரசன் எப்படி நடக்க வேண்டும், பகைவனிடம் எப்படி, அமைச்சர்களிடம் எப்படி? அப்பா வைக்கும் வாய்மொழித் தேர்வுதான் அது. அதற்குப் பதிலாக வருகிறது இந்த வரி. கேட்ட தகப்பன் கோபத்தில் எழுந்து மகனின் மார்பில் உதைக்கிறான். உங்கள் வீட்டில் நிலைமை அந்த அளவுக்குப் போகவில்லை என்று நம்புகிறேன்.

ஆனால் பிரகலாதன் பதிலை எப்படித் தொடங்குகிறான் என்று பாருங்கள். "குரு எனக்கு எல்லாவற்றையும் கற்பித்தார், அதில் சந்தேகமில்லை. நானும் கற்றுக்கொண்டேன். ஆனால் அது சரியென்று எனக்குப் படவில்லை." கற்றுக்கொண்டேன் என்கிறான்! பாடத்தை முடித்துவிட்டு, அது எவ்வளவு தூரம் உதவும் என்று எடை போட்டுச் சொல்கிற பேச்சு அது. கலந்தாய்வுக்கு முன்னாலேயே உங்கள் மகன் இந்த வரியைச் சொன்னால், முதல் பாதியை விட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். இதை நீங்கள் சொன்னால் வாக்குவாதமாகிவிடும். அந்த அத்தியாயத்தை அவன் கையில் கொடுத்துவிடுங்கள், அவனே படிக்கட்டும்.

அடுத்தது, அவன் மனத்தில் ஒரு கோடு இருக்கிறது: கீதை படிப்பது உயர்ந்தது, இயற்பியல் படிப்பது தாழ்ந்தது. பையன்கள் மட்டுமல்ல, பெரியவர்களில் பலரும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள். உபநிடதம் அந்த இடத்தில் கோடு போடவில்லை. முண்டக உபநிடதத்தில் சௌனகர் ஒரு பெரிய இல்லறத்தார், துறவி அல்ல. அவர் கேட்கும்போது அங்கிரஸ் சொல்கிறார்: அறிய வேண்டிய வித்தைகள் இரண்டு, பரா, அபரா. அபரா, அதாவது கீழ்ப்பட்டது எது என்று அவர் போடும் பட்டியலில் முதலில் நிற்பவை ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்ற நான்கு வேதங்களேதான்! அப்புறம் உச்சரிப்பு, சடங்கு முறை, இலக்கணம், சொற்பொருள், யாப்பு, வானநூல் என்று ஆறு அங்கங்கள். அழிவற்றதை அடையச் செய்வது மட்டுமே பரா. அப்படியானால் கீதை 700 சுலோகங்களையும் மனப்பாடம் செய்வதும், வெப்ப இயக்கவியல் தேர்வில் தேறுவதும் ஒரே கணக்கில்தான் வருகின்றன. பரா, அபரா இரண்டுமே அறிய வேண்டியவை என்றுதான் அங்கிரஸும் சொல்கிறார்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் நாரதர் சனத்குமார முனிவரிடம் போகும் இடத்தையும் அவனைப் படிக்கச் சொல்லுங்கள். "உனக்குத் தெரிந்ததைச் சொல், மேலே நான் சொல்கிறேன்" என்கிறார் சனத்குமாரர். நாரதர் வரிசையாகச் சொல்கிறார்: வேதங்கள், இதிகாச புராணம், கணக்கு, தர்க்கம், போர்க்கலை, வானியல், பாம்பு வித்தை... நம் ஊர் நேர்காணலில் இப்படி ஒரு சுயவிவரம் வந்தால் தேர்வுக் குழு எழுந்து நிற்கும். ஆனால் அவர், "மந்திரம் அறிந்தவனாக இருக்கிறேன், ஆன்மாவை அறியவில்லை, துயரப்படுகிறேன்" என்று முடிக்கிறார். இவ்வளவும் படித்துத் தேறியவருக்கு வரும் துயரம் அது. படிக்காமலே அந்தத் துயரத்தை உரிமை கொண்டாட முடியாது. சனத்குமாரரும் "எல்லாம் வீண்" என்று தள்ளவில்லை. நாரதர் நிற்கிற படியிலிருந்தே ஒவ்வொரு படியாக மேலே கூட்டிப் போகிறார்.

இப்போது அவன் அப்பாவுக்கு. "படிப்பு என்றால் சம்பளம்" என்று அவர் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதிக்கு அதே மரபு துணை நிற்கிறது. தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், படிப்பு முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசிரியர் சொல்லும் புத்திமதி இருக்கிறது. உண்மை பேசு, அறம் செய், ஓதுவதில் தவறாதே, தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள் என்று போகிறது. பலருக்கும் அவ்வளவுதான் தெரியும். அதே மூச்சில் "பூத்யை ந ப்ரமதிதவ்யம்" என்றும் வருகிறது: செல்வ வளத்தைப் பற்றி அசட்டையாக இராதே. இன்னொரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. "எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் பின்பற்று, மற்றதை வேண்டாம்" என்று ஆசிரியரே சொல்கிறார். வீட்டில் அப்பாமார்கள் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தால் பாதிச் சண்டை குறையும்.

ஆனால் சம்பளத்தோடு படிப்பு முடிகிறது என்றால், அதற்கு இந்த மரபில் இடமில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் பொருளுக்கு முன்னால் அறம் நிற்பது சும்மா இல்லை. 1897 பிப்ரவரியில் சென்னையில் பேசிய விவேகானந்தர், ஐந்து கருத்துகளைச் செரித்து வாழ்க்கையாக்கிக்கொண்டவன் ஒரு நூலகத்தையே மனப்பாடம் செய்தவனைவிடக் கற்றவன் என்றார். மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் வீடுகளுக்கு அது இன்றும் உறைக்க வேண்டும்.

சரி, உங்கள் மகனுக்கு இருப்பது நிஜமான நாட்டமா, தப்பித்தலா? இதுதான் நான் கண்டுபிடிக்க வேண்டியது. இப்படி வரும் பிள்ளைகளிடம் நான் நேராகவே கேட்பேன்: ஈசாவாஸ்ய உபநிடதம் மொத்தம் 18 மந்திரம்தான், படித்தாயா? அரை நிமிட வீடியோவில் கேட்டதா, புத்தகத்தோடு உட்கார்ந்ததா? சமஸ்கிருதத்தில் ஒரு சொல்லின் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்யத் தயாரா? நிஜ ஆர்வம் உள்ளவன் கடினமான இடத்தில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருவான். தப்பிக்கிறவனுக்குக் கணக்கும் பிடிக்காது, இலக்கணமும் பிடிக்காது. நுழைவுத் தேர்வில் சறுக்கியது, நண்பர்களோடு பிணக்கு, தூக்கமின்மை, சாப்பாடு குறைந்தது என்று ஏதாவது இருந்தால் அதை என்னிடம் மறைக்க வேண்டாம். அப்படியென்றால் முதலில் ஒரு மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், உபநிடதம் அப்புறம்.

நாட்டம் நிஜம் என்றால் வழி இருக்கிறது. சென்னையில் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் தத்துவத் துறை உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தோடு சைவ சித்தாந்தத்துக்கும் வைணவத்துக்கும் தனித் துறைகள் உண்டு. திருப்பதியில் தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம் இருக்கிறது. காசி இந்துப் பல்கலைக்கழகம் 2022-இல் இந்து ஆய்வுகளில் முதுகலை தொடங்கியது. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட்டிலும் அது ஒரு பாடமாக இருக்கிறது. நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அது 2023 முதல் உள்ள தொகை. குடிமைப் பணித் தேர்வில் தத்துவம் விருப்பப் பாடம். சாங்கியம், நியாயம், வேதாந்தம் எல்லாம் அதன் பாடத்திட்டத்தில் உண்டு. ஆனால் தத்துவத் துறைகள் குறைவு, ஆகவே ஆசிரியர் பணியிடங்களும் குறைவு. இதை மறைத்துப் பேசுவது ஆலோசனை ஆகாது.

அதனால் நான் சொல்வது: ஒரு தொழிற்பட்டத்தையோ அறிவியல் பட்டத்தையோ அவன் தேர்ந்தெடுக்கட்டும். எது என்பது அவன் விருப்பம், கணினி அறிவியல்தான் வேண்டும் என்று அப்பா அடம்பிடிக்கக் கூடாது. கூடவே இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் தத்துவ இளங்கலை சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அனுமதி தந்துவிட்டது. மூன்றாம் ஆண்டிலும் ஆர்வம் அப்படியே இருந்தால் முதுகலையைத் தத்துவத்திலேயே செய்யலாம். துறவு என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை: ராமகிருஷ்ண மடம் போன்ற இடங்களில் வந்த அன்றே காவி கொடுத்துவிடுவதில்லை, பல ஆண்டுகள் பயிற்சியில் வைத்துப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் அவன் படிக்க வேண்டும். தரும சாத்திரங்கள் வேதக் கல்வியைச் சூத்திரர்களுக்கு மறுத்தன, பெண்களுக்கும் பெரும்பாலும் மறுத்தன. இதைத் தெரிந்துகொள்ளாமல் பழங்கல்வியைப் புகழ்வது அரைகுறைப் படிப்பு. அதே சாந்தோக்கியத்தில் வரும் சத்தியகாமன் கதையில் தகப்பன் பெயர் தெரியாத பையனை, உண்மை சொன்னதற்காக கௌதமர் ஏற்றுக்கொள்கிறார். ஏற்றுக்கொண்டு என்ன செய்கிறார்? மெலிந்த 400 பசுக்களைப் பிரித்துக் கொடுக்கிறார். ஆயிரமாகும் வரை திரும்புவதில்லை என்று பையன் ஓட்டிக்கொண்டு போகிறான். மாடு மேய்த்த அந்தக் காலத்தின் முடிவில், திரும்பி வரும் வழியில்தான் காளை, நெருப்பு, அன்னம், நீர்ப்பறவை என்று ஒவ்வொன்றாக அவனுக்குப் பிரம்மத்தைச் சொல்லித் தருகின்றன.

விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்யும் நாளுக்கு முன்னால் மூவரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியல் நகல், அவன் கடைசியாக முழுசாகப் படித்து முடித்த புத்தகம், இரண்டையும் அவனே எடுத்து வரட்டும். முதல் அரை மணி நேரம் அவனோடு தனியாகப் பேசுவேன், நீங்கள் இருவரும் வெளியே இருக்க வேண்டியிருக்கும். அவன் அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.