பார்த்த ஊருக்கே மறுபடியும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்கள் ஜார்ஜியா, துருக்கிப் பயணக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். திபிலிசியில் கிளம்பி, சார்ப் எல்லையை நடந்து கடந்து, டிராப்சோனில் இரவு பஸ் பிடித்த இடம்வரை ஒரே மூச்சில் போனது. அதன்பிறகு இஸ்தான்புல்லில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள். அது நீங்கள் ஏற்கெனவே பார்த்து, எழுதியும் முடித்த ஊர். கப்படோக்கியா இருக்கிறது, எபேசஸ் இருக்கிறது, இரவு ரயில் ஏறினால் பல்கேரியா. நீங்களோ படகில் போனேன், தேநீர் குடித்தேன், படகில் திரும்பினேன் என்று எழுதுகிறீர்கள். தவறாக நினைக்க வேண்டாம், அத்தனை தூரம் போய் நாட்களை இப்படிச் செலவழிப்பது வீண் இல்லையா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறைதான் நீண்ட விடுமுறை. நானும் மனைவியும் குழுச் சுற்றுலாவில் இஸ்தான்புல்லை இரண்டு நாள் பார்த்திருக்கிறோம். வரும் மே மாதம் சொந்தமாக முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் திட்டம். அவர் மறுபடியும் இஸ்தான்புல் என்கிறார். நான் பாக்கூ, திபிலிசி, எரெவான் என்று மூன்று தலைநகரங்களுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்.

க., திருப்பூர்

அன்புள்ள க.,

தவறாக நினைக்கவில்லை. ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறவரிடம் "போன மாதம்தானே பார்த்தீர்கள்" என்று உங்கள் தெருவில் யாராவது கேட்டிருக்கிறார்களா? விசா வாங்கிப் போகிற ஊருக்கு மட்டும்தான் இந்தக் கேள்வி வருகிறது. காரணம் பணம் என்போம். அது பாதி உண்மை. எத்தனை நாடு பார்த்தாயிற்று என்று யாராவது கேட்டால் சொல்ல ஓர் எண் வேண்டும் என்பது மீதிப் பாதி. அந்த எண்ணின்மீது எனக்கு மதிப்பில்லை. விமானம் மாறும் நேரத்தில் தோஹா விமான நிலையத்தில் தூங்கி எழுந்துவிட்டு, கத்தாரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும்.

முதல் முறை போனபோது நானும் ஓடினேன். முதல் முறை ஓடத்தான் வேண்டும். இஸ்தான்புல் அதற்குத் தோதாகவே அமைந்த ஊர். ஹாகியா சோஃபியா, நீல மசூதி, தோப்காப்பி அரண்மனை, பூமிக்கடியில் தூண்கள் வரிசையாக நிற்கும் பைசாந்தியக் காலத்துத் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாமே சுல்தானகமத் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உங்கள் குழு இரண்டு நாளில் வேலையை முடித்தது அதனால்தான். ஆனால் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் ஊர் அந்த ஒரு கிலோமீட்டரில் இல்லை. அது பாஸ்பரஸ் நீரிணையின் இரண்டு பக்கமும், ஐரோப்பாவிலும் ஆசியாவிலுமாகப் பரந்து கிடக்கிறது. காலையில் இந்தக் கண்டத்திலிருந்து அந்தக் கண்டத்துக்கு வேலைக்குப் போய், மாலையில் வீடு திரும்புகிறது.

அதனால் இந்த முறை ஆசியக் கரையில், கடிகோய் என்ற பகுதியில் தங்கினேன். பழைய நாளில் அதன் பெயர் கால்கெடோன். எதிர்க்கரையில் பைசாந்தியம் (பழைய இஸ்தான்புல்) போன்ற இடம் காலியாகக் கிடக்கும்போது இந்தப் பக்கம் ஊர் கட்டியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பாரசீகத் தளபதி மெகபாஸஸ் சொன்னதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோடஸ் எழுதுகிறார். துறைமுகம், கோட்டை என்று யோசிக்கும் தளபதிக்கு அது சரி. ஆனால் எதிர்க்கரை அழகு என்றால் அதைப் பார்க்க இந்தக் கரையில்தானே நிற்க வேண்டும்? ஊரிலேயே நல்ல காட்சி அந்தக் குருடர்களுக்குத்தான் வாய்த்தது.

விடுதியில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏணியில் ஏறும் முழங்கால்கள் இப்போது என்னிடம் இல்லை. வாரக் கணக்கில் பேசினால் வாடகை குறைகிறது. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் தக்காளியும் ஆலிவும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வாங்கிவைத்தால், விடுதிச் சமையலறையிலேயே இரண்டு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும். பயணத்தில் பணத்தைத் தின்பது ஊர்விட்டு ஊர் தாவுவதுதான். வீண் என்று நீங்கள் சொன்ன அந்த நாட்களில்தான் என் பணப்பை மூச்சுவிட்டது.

படகைப் பற்றி நான் எழுதியது போதவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. சொல்கிறேன். பாஸ்பரஸில் பயணிகளை ஏற்றிச் செல்லப் படகுக் கம்பெனி தொடங்கியது 1851இல். இன்று பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் பயன்படும் அதே பயண அட்டையைக் காட்டிப் படகிலும் ஏறலாம். பழைய நகரக் கரையில் உள்ள எமினோனுவிலிருந்து கடிகோய்க்கு ஏறக்குறைய இருபது நிமிடம். சுற்றுலாப் பயணிகள் மேல்தளத்துக்கு ஓடிப்போய், எள் ஒட்டிய சிமித் ரொட்டியைப் பிய்த்துக் கடற்புறாக்களுக்கு வீசிப் படம் எடுப்பார்கள். சில நாட்கள் போய்வந்த பிறகுதான் எந்தப் பக்கம் உட்காருவது என்பது பிடிபடும். கடிகோய்க்குப் போகையில் இடப்பக்கம் பாஸ்பரஸின் வாயும், கடல் நடுவே கன்னிக் கோபுரமும், பிறகு ஹைதர்பாஷா ரயில் நிலையமும் வரும். மாலையில் பின்பக்கம் உட்கார்ந்தால் பழைய நகரத்தின் மினார்களுக்குப் பின்னால் வெயில் இறங்கும். தினமும் போய்வருகிறவர்கள் இது எதையும் பார்ப்பதில்லை. உள்ளே உட்கார்ந்து, தட்டில் தேநீரோடு வருகிறவரிடம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்குகிறார்கள். கரை வரும்போது சரியாகக் கண்விழிக்கும் அவர்கள் கலை எனக்குக் கடைசிவரை வரவில்லை.

ஐரோப்பியக் கரையின் பெஷிக்தாஷிலிருந்து ஆசியக் கரையின் உஸ்குதாருக்குப் போகும் படகு நேராகப் போகாமல் சற்று வடக்கே முகம் வைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓட்டம் தெற்கே இழுக்கிறது. டான்யூபும் நீப்பரும் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரால் கருங்கடலில் நீர் மிகுந்து, உப்புக் குறைந்து, மேலடுக்காக மர்மராவை நோக்கி வழிகிறது. அடியிலோ உப்பும் கனமும் கூடிய மர்மராக் கடலின் நீர் அதற்கு எதிராக, வடக்கே போகிறது. ஒரே கால்வாயில் இரண்டு ஆறுகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இங்குள்ள மீனவர்களுக்கு இது பழைய செய்தி. அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட லூயிஜி மார்சிலி என்ற இத்தாலியர், நடுவே தடுப்பு வைத்த பெட்டியில் ஒரு பக்கம் உப்பு நீரும் மறுபக்கம் உப்புக் குறைந்த நீரும் ஊற்றி, தடுப்பின் மேலும் கீழும் துளைவிட்டு, இரண்டு ஓட்டங்களும் எப்படி உண்டாகின்றன என்று காட்டினார். அவர் அதை அச்சிட்டது 1681இல். முதல் பயணத்தில் இந்தத் தண்ணீர் எனக்கு வெறும் நீலம்.

அந்த நீலத்தின் நடுவே எண்ணெய்க் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கும். 1936ஆம் ஆண்டின் மோன்த்ரோ உடன்படிக்கைப்படி வணிகக் கப்பல்களுக்கு இந்த வழி திறந்தே இருக்க வேண்டும். மிகக் குறுகலான இடத்தில் நீரிணையின் அகலம் ஏறக்குறைய 700 மீட்டர். அங்கே கரையில் ஒருவர் மீன் வறுத்துக்கொண்டிருப்பார். அவர் தலைக்குமேல் ஒரு கப்பலின் சுவர் மெல்ல நகர்ந்து போகும்.

மசூதிகளுக்கு வருகிறேன். ஒட்டோமான் சுல்தான்களின் கட்டடக் கலைஞர் சினானை எல்லோரும் சுலைமானியா மசூதியில் பார்ப்பார்கள். 1557இல் முடிந்த அந்தக் குவிமாடத்தைப் பார்க்கத்தான் வேண்டும். நுழைவுக் கட்டணம் கிடையாது. வளாகத்தின் ஓரமாக, தெருமுனையில், அவருடைய சமாதி சிறியதாக இருக்கிறது. முதல் முறை அதைக் கடந்துதான் போயிருக்கிறேன், தெரியாமல். இந்த முறை எனக்குப் பிடித்துப்போனது உஸ்குதாரின் தண்ணீர் ஓரத்தில் இருக்கும் ஷம்சி பாஷா மசூதி. அதுவும் சினான்தான், 1580. தொண்ணூறை நெருங்கிய மனிதர் என்பார்கள். சுல்தானுக்கு மலை உச்சியில் அவ்வளவு பெரிதாகக் கட்டிய கை, இங்கே ஒரு சின்ன முற்றம், ஒரு குவிமாடம், கடலைப் பார்க்க ஜன்னல் என்று நிறுத்திக்கொண்டது. காற்று பலமாக வீசுவதால் இதன்மேல் பறவைகள் உட்காருவதில்லை என்று உள்ளூரில் ஒரு பேச்சு. நான் போன அன்று புறாக்கள் தாராளமாக உட்கார்ந்திருந்தன.

மாறியவற்றையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் ஏதோ ஏக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். என் முதல் பயணத்தில் ஹாகியா சோஃபியா அருங்காட்சியகம். ஒரு டிக்கெட்டில் கீழும் மேலும் சுற்றலாம். 2020 ஜூலையில் அது மறுபடி மசூதியானது. கீழ்த்தளம் தொழுகைக்கு. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டவர் தனி வாசல் வழியாக மேல்மாடத்துக்கு மட்டும் போகலாம், 25 யூரோ கொடுத்து. விடுதியில் ஓர் இரவுப் படுக்கைக்கு நான் கொடுத்ததைவிட அதிகம். முனகிக்கொண்டே கொடுத்தேன். மேலே இருக்கும் 13ஆம் நூற்றாண்டு மொசைக் சித்திரத்தில் இயேசு, மரியாள், ஸ்நானக யோவான் மூவரின் உடல்களும் பெரும்பாலும் உதிர்ந்து, முகங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. முன்பு கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே பார்த்தது. இப்போது காவலர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்வரை நின்றேன். காசு கொடுத்திருக்கிறேன் அல்லவா. கட்டடத்துக்குள் சுற்றித் திரிந்த க்ளி என்ற பூனையும் 2020இல் இறந்துவிட்டது.

ஹைதர்பாஷாவிலிருந்து அன்று அங்காராவுக்கு ரயில் ஏறியிருக்கிறேன். 1908இல் எழுந்த கட்டடம். 2010இல் கூரை தீப்பிடித்தது, 2013இல் ரயில்கள் நின்றன. தண்டவாளம் கிடந்த இடத்தைத் தோண்டியபோது கால்கெடோனின் மிச்சங்கள் கிடைத்தன. அதே 2013இல் கடலுக்கடியில் மர்மராய் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்காக யெனிகாப்பியில் தோண்டியபோது பைசாந்தியத் துறைமுகம் ஒன்றும் 37 மரக்கப்பல்களும் கிடைத்து, வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. புதிய ரயில் பாதை போடப் போய்ப் பழைய துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும் ஊர். எனக்குப் பிடித்திருந்த தேநீர்க்கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். விலைவாசி முன்பு பார்த்த ஊருடையதே அல்ல. நினைவில் இருக்கும் ஊரைத் தேடித் திரும்பிப் போகிறவர் கோபத்தோடுதான் வருவார். அப்படிப் போவதென்றால் நானே வேண்டாம் என்பேன்.

இனி உங்கள் மூன்று தலைநகரங்கள். அஜர்பைஜானுக்கும் அர்மீனியாவுக்கும் இடையிலான எல்லை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மூடிக் கிடக்கிறது. எனவே பாக்கூவிலிருந்து எரெவானுக்கு நேர்வழி இல்லை, திபிலிசியைச் சுற்றித்தான் போக வேண்டும். அஜர்பைஜான் தன் தரை எல்லைகளைப் பயணிகளுக்கு 2020இல் மூடியது. டிக்கெட் எடுக்கும் முன் அது திறந்துவிட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு விமானம்தான். மூன்றும் நல்ல ஊர்கள். திபிலிசியைப் பற்றி நானே புகழ்ந்து எழுதியிருக்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் பயண நாட்களைக் கழித்துப் பாருங்கள். மீதி இருப்பது ஊருக்கு இரண்டு நாள், அதே குழுச் சுற்றுலாதான், கொடி பிடிக்கிற ஆள் மட்டும் நீங்கள்.

தீர்ப்புக் கேட்டீர்கள்: இஸ்தான்புல். சுல்தானகமத்தில் தங்காதீர்கள். கடிகோய் அல்லது உஸ்குதார். ஒரு நாள் முழுவதையும் பாஸ்பரஸ் நெடும்படகுக்குக் கொடுங்கள், கருங்கடல் வாயில் அனடோலு கவாயி என்ற ஊரில் இறங்கி மேலே கோட்டைவரை ஏறலாம். மே மாதம் வெயிலுக்குச் சரி, மீனுக்குச் சரியில்லை. லூஃபெர் மீன் கருங்கடலிலிருந்து இறங்கிவருவது இலையுதிர்காலத்தில்தான். சாப்பிடுகிறவர்கள் என்றால் விடுமுறையை அக்டோபருக்குத் தள்ள முடியுமா என்று மேலதிகாரியிடம் பேசிப்பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் மனைவி ஏன் மறுபடியும் இஸ்தான்புல் என்கிறார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. என்னிடம் கேட்டதை அவரிடம் கேட்டீர்களா?

அன்புடன்.