அணி சேராமல் பேசுவது: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளிகளில் கைப்பேசியைத் தடை செய்வது பற்றி எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் தொடங்கிய பேச்சு வசையில் போய் முடிந்தது. நடுநிலையாக எழுதப்போய் இரு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கருத்து மாறுபாடுள்ள விஷயங்களை இணையத்தில் ஆக்கபூர்வமாகப் பேசவே முடியாதா? விலகிவிடுவதுதான் நல்லதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் நடுநிலை வகித்ததே சிக்கல் என்று நினைக்கிறேன். இரு பக்கமும் நியாயம் உண்டு என்பவரைப் பார்க்கும்போது, தம் நியாயம் பாதியாகக் குறைக்கப்பட்டதாகவே ஒவ்வொரு தரப்புக்கும் தோன்றும். 'தடை வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டால் அணி சேர்வதைத் தவிர வேறு வழியில்லை. மாறாக, தடையை எதிர்ப்பவரிடம், 'பிள்ளையிடம் அவசரமாகப் பேச வேண்டியிருந்தால் பள்ளியில் என்ன ஏற்பாடு இருந்தால் உங்களுக்குப் போதும்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும், எதற்கு அஞ்சுகிறார் என்பது வெளிப்பட்டுவிடும். அதன்பின் அவரைப் பொறுப்பற்றவர் என்று ஏசுவது எளிதாக இராது.

பேசும் இடத்தின் அமைப்புக்கும் இதில் பங்குண்டு. ஊபர் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது பற்றித் தைவானில் 2015-இல் நடந்த பொது விவாதத்தில் 'போலிஸ்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். (பெயர்தான் அப்படி, காவல்துறைக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அதில் ஒருவர் ஒரு கூற்றை எழுதலாம், மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம் அல்லது கடந்து செல்லலாம், ஆனால் அந்தக் கூற்றுக்கு மறுமொழி இட வழியே கிடையாது. எதிரெதிர் அணிகள் இரண்டும் ஏற்ற கூற்றுகளை அது தனியே எடுத்துக்காட்டியது. பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. திட்டுவதற்கு இடமில்லாதபோது, மறுதரப்பும் ஏற்கக்கூடிய வாக்கியத்தை எழுதுவதில்தான் மனிதர்களின் சாமர்த்தியம் செலவாகிறது.

ஆயினும், 'குறை சொல்லாதே, தீர்வைச் சொல்' என்பது வாயை அடைக்கும் உத்தியாகவும் பயன்படுகிறது. தனக்கு நேர்ந்த அநீதியைச் சொல்ல வந்தவரிடம் எடுத்த எடுப்பிலேயே தீர்வு கேட்பதை நான் அநாகரிகம் என்பேன். அவர் முதலில் சொல்லி முடிக்கட்டும்.

வசைபாடுபவருக்குப் பதில் எழுதுவதிலிருந்து தாராளமாக விலகுங்கள். ஆனால் குழுவை விட்டுப் போக வேண்டாம். ஒரு வரியும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள் அங்கே பலர் இருப்பார்கள், அவர்களில் எத்தனையோ பேர் இன்னும் எந்தப் பக்கமும் சாயாதவர்கள். உங்கள் கேள்வியை அவர்களுக்காக எழுதுங்கள்.