ஆல்டர்னேட்டர் முதுகில் ஒட்டியிருக்கும் உருளை

கேள்வி: பழைய டீசல் வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் கைக்குள் அடங்குகிற அளவில் ஓர் உருளை இருக்கிறது. அதிலிருந்து மூன்று குழாய்கள் போகின்றன. அடியில் ஆயில் கசிகிறது. "முன்னால் ஏசி இருந்திருக்கும், அதோட மிச்சம். கழற்றிட்டுக் குழாயை அடைச்சிடு" என்கிறார் நண்பர். போட்டோ அனுப்பியிருக்கிறேன். கழற்றிவிடலாமா?

பதில்: தயவுசெய்து கழற்றாதீர்கள். உங்கள் பிரேக் அதை நம்பித்தான் இருக்கிறது.

அது வேக்வம் பம்ப், அதாவது காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப். போட்டோவில் உருளையை விட எனக்கு உதவியது அந்த மூன்று குழாய்கள்தான். பெயர் தெரியாத பாகம் எதுவானாலும் அதில் என்ன வருகிறது, எங்கே போகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். மெல்லிய உலோகக் குழாய் எஞ்சினிலிருந்து ஆயில் கொண்டுவருகிறது. தடித்த ரப்பர் குழாய் அந்த ஆயிலைத் திரும்ப எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறக்குகிறது. மூன்றாவது, விறைப்பான ஹோஸ், பிரேக் பெடலுக்கு நேர் முன்னால் இருக்கும் கறுப்பு வட்டப் பெட்டிக்குப் போகிறது. அதுதான் உங்கள் மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர். ஏசி கம்ப்ரஸராக இருந்தால் தனி புல்லியும் அதன் முகப்பில் மின்காந்த கிளட்சும் இருக்கும். எஞ்சின் ஆயில் குழாய் அதற்கு வராது.

பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் தகடு காற்றை மறிப்பதால், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலேயே வேக்வம் கிடைத்துவிடும். பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் அந்தத் தகடே கிடையாது. அதனால்தான் தனி பம்ப். ஆல்டர்னேட்டரின் தண்டு பின்னால் நீண்டு வந்து அதையும் சேர்த்துச் சுழற்றுகிறது.

பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர்த் திரை 8 அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் பாதி வேக்வம் இருந்தாலே, மறுபக்கத்துக் காற்று 160 கிலோவுக்கு மேல் தள்ளும். உங்கள் காலுக்குத் துணையாக இருப்பது அந்த பலம். பம்ப்பைக் கழற்றினாலும் பிரேக் பிடிக்கும்தான். ஆனால் பெடல் கல் மாதிரி இறுகிப்போகும். ஆள் ஏற்றிய வேனை இறக்கத்தில் நிறுத்த, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி மிதிக்க வேண்டிவரும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பயம் வந்தது இதனால்தான்.

இப்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பம்ப்பும் பூஸ்டரும் வேலை செய்கின்றன. இறங்காவிட்டால் முதலில் அந்த ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா, அதிலுள்ள, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்; பம்ப் மேல் பழி போடுவது அதற்கப்புறம்.

கசிவுக்கு வருவோம். ஆயில் திரும்பும் ரப்பர் குழாயைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சூட்டிலேயே கிடந்து அது இறுகி வெடித்துவிடும்; உள்ளே அடைத்துக்கொண்டாலும் ஆயில் வடிய வழியில்லாமல், கசிவைத் தடுக்கும் 'சீல்' வளையத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். குழாய் நன்றாக இருந்தால் 'ஓ ரிங்' என்ற ரப்பர் வளையத்தையும் தண்டைச் சுற்றியுள்ள சீலையும் மாற்றச் சொல்லுங்கள். தண்டு சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கி, அங்கே மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ்களைக் கெடுக்கும். ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஆயில் அளவையும் அடிக்கடி பாருங்கள். ஆயில் வராவிட்டால் பம்ப் சீக்கிரமே தேய்ந்து பிடித்துக்கொள்ளும்.

பம்ப்பே மாற்ற வேண்டி வந்தால், உடம்பில் புடைத்து வார்த்திருக்கும் எண்ணை மட்டும் வைத்து வாங்காதீர்கள். பல நேரம் அது வார்ப்பு எண், பாக எண் இல்லை. பழையதைக் கையோடு கொண்டுபோய்த் தண்டின் பல் எண்ணிக்கை, சுழலும் திசை, போல்ட் துளைகள் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

வேலை முடியும்வரை தினமும் வண்டியை எடுக்கும் முன் அந்தப் பெடல் சோதனையைச் செய்யுங்கள். பெடல் இறங்காத அன்று வண்டியை எடுக்கவே வேண்டாம்.