ஆளுக்கொரு பாத்திரமாகக் கூட்டாகக் கதை எழுதும் ரோல்ப்ளே குழுவை எல்லோருக்கும் திறந்துவிடலாமா, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் வைக்கலாமா?

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் நான்கைந்து நண்பர்களாகத் தொடங்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வகைக் குழுக்களிலும் இருந்து அடிபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாசிக்க எல்லோரையும் விடுங்கள், எழுத மட்டும் அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் சேர்ந்தது யாரும் வந்து எழுதக்கூடிய திறந்த வீடு. கதைக்களம் ஒரு துறைமுக ஊர். அங்கே விடுதி நடத்தும் கிழவி என் பாத்திரம். அவளுக்கு ஒரு கடன், காணாமல்போன மகன், மழை வந்தால் வலிக்கும் இடது முழங்கால் என்று மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு புதிதாக வந்தவர், தம் முதல் பதிவிலேயே, "வாளை உருவினேன், கிழவியின் தலை உருண்டது" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கெட்டவர் இல்லை. அடுத்தவர் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்த அடுத்தவர்தான் எழுத வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பஞ்சாயத்து. பதிவை நீக்கினோம். என்னவோ, அதன்பிறகு கிழவிக்கு உயிர் வரவேயில்லை.

இது பழைய நோய். பாவெல் கர்ட்டிஸ் 1990இல், ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்தபோது தொடங்கிய லாம்டாமூ, பலர் ஒரே நேரத்தில் கணினிவழி நுழைந்து உலவும் கற்பனை உலகம்; முழுக்க எழுத்தாலேயே கட்டிய மாளிகை. விருந்தினராக யாரும் நுழையலாம். 1993இல் ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் தாமாகவே செய்வதுபோலக் காட்டி அருவருப்பான காட்சிகளை ஓடவிட்டார். நிர்வாகி ஒருவர் அந்தக் கணக்கை அழித்தார். ஆனால் அதே ஆள் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டார். மனு, வாக்கெடுப்பு என்ற ஏற்பாடெல்லாம் அந்தக் கலவரத்துக்குப் பிறகு வந்தவைதான்.

சரி, பூட்டிவைத்தால்? அடுத்து நான் போனது ஒன்பது பேர் கொண்ட அழைப்புக் குழு. எழுத்து அபாரம். ஆனால் தொடங்கிய மூவரும் கல்லூரித் தோழர்கள். எந்தத் திருப்பம் வந்தாலும் அவர்கள் பாத்திரங்களுக்கே வரும், மற்ற ஆறு பேரும் விளக்குப் பிடிக்க வேண்டும். வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. என்னை அழைத்ததே அந்த மூவரில் ஒருவர்தானே! பிறகு ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்குப் பணிமாற்றம், ஒருவருக்குக் குழந்தை. புதிய ஆள் வர வழியில்லாததால் ஆறாவது மாதம் சத்தமில்லாமல் முடிந்தது.

டிஸ்கார்டில் கதைச் சேனலை, அதாவது கதை ஓடும் அரட்டை அறையை, எல்லோரும் படிக்கும்படியும், குறிப்பிட்ட ரோல் (உறுப்பினருக்கு நிர்வாகி தரும் அனுமதி அடையாளம்) பெற்றவர்கள் மட்டும் எழுதும்படியும் அமைக்க முடியும். அந்த ரோலைத் தருவதற்கு முன் ஒரு பாத்திரக் குறிப்பும் பத்து வரி மாதிரியும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைய குழுவில் நாங்கள் கொடுக்கும் சோதனை இது: சந்தையில் பேரம் பேசும் காட்சியை எழுத வேண்டும், கடைக்காரர் எங்களில் ஒருவருடைய பாத்திரம். பாதிப் பேர் மாதிரியே அனுப்புவதில்லை. அனுப்புகிறவர்களில் பலர் கடைக்காரரை உடனே விலை குறைக்க வைத்துவிடுவார்கள். போன மாதம் வந்த ஒருவர், "சில்லறையைப் பலகையில் எண்ணி வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்" என்பதோடு நிறுத்தியிருந்தார். அன்றிரவே சேர்த்துக்கொண்டோம்.