அப்பா ஆய்வுத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது. முன்பு பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தார். சென்ற ஆண்டு மாரடைப்பு வந்தது. இதயத்தின் இடது கீழறை பலவீனமாகி 30 விழுக்காடுதான் வேலை செய்கிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நான்கு விதமான மருந்து சாப்பிடுகிறார். இப்போது ஈப்போவில் ஒரு புது மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை என்பது டாக்டருக்கே தெரியாதாம். "அவரை எலி மாதிரி வைத்துச் சோதிக்க வேண்டாம்" என்கிறார் அம்மா. அப்பாவோ டாக்டர் சொன்னால் சரிதான் என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் அதற்கு முன் அந்த டாக்டரிடம் ஒன்றைக் கேட்டுத் தெளிவாகப் பதில் வாங்குங்கள். அப்பா இப்போது சாப்பிடும் நான்கு மருந்துகளும் அப்படியே தொடருமா, இல்லை ஏதாவது ஒன்றை நிறுத்தச் சொல்வார்களா? எல்லாம் தொடரும், அதற்கு மேல்தான் ஆய்வு மாத்திரை என்றால் அம்மாவின் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். ஒன்றை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஆய்வு மருந்து என்றால், நிறுத்துவதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த 30. இதைக் கேட்டதும், இதயத்தில் முப்பது பங்குதான் உயிரோடு இருக்கிறது என்று பல குடும்பங்கள் கலங்கிப் போகின்றன. அப்படி இல்லை. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்பதே அந்தக் கணக்கு. நல்ல இதயமும் 100 தள்ளுவதில்லை, 55 முதல் 70 வரைதான். 40க்கு இறங்கினால் பலவீனம் என்கிறோம். அப்பாவின் நிலை கவனிக்க வேண்டியதுதான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது.

நான்கு மருந்துகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மூத்திரம் போக வைக்கும் நீர் மாத்திரையைத் தள்ளிவிட்டால், பெரும்பாலும் இவையாக இருக்கும்: பெரிண்டோபிரில் அல்லது எனலாப்ரில் (சிலருக்கு அதற்குப் பதில் சகுபிட்ரில்-வால்சார்டன்), பிசோப்ரோலோல் அல்லது கார்வெடிலோல், ஸ்பைரோனோலாக்டோன், டபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். இவற்றில் எதுவும் ஆய்வில் சேர யாரோ ஒப்புக்கொள்ளாமல் வந்ததல்ல. 1987-இல் எனலாப்ரிலை மிக மோசமான நிலையில் இருந்த 253 பேரிடம் சோதித்தார்கள். ஆறு மாதத்தில் வெறும் மாத்திரை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் இறந்தார்கள், மருந்து பெற்றவர்களில் 26 விழுக்காட்டினர். பிசோப்ரோலோலின் கதை இன்னும் பெரியது. அந்த வகை மருந்து துடிப்பைத் தளர்த்தும், பலவீனமான இதயத்துக்குக் கொடுக்கவே கூடாது என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த காலம் உண்டு. 1975-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகர மருத்துவர்கள் ஏழே ஏழு நோயாளிகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், நிலை தேறியது. அதை உலகம் நம்புவதற்கு 1999 வரை ஆனது. 2,647 பேரிடம் பிசோப்ரோலோலைச் சோதித்தபோது இறப்பு 17.3 விழுக்காட்டிலிருந்து 11.8-ஆகக் குறைந்தது.

இனி அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். வெறும் மாத்திரை என்றதும், சிகிச்சையே இல்லாமல் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைக்கிறார். டபாகிளிஃப்ளோசினை 2019-இல் நிரூபித்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4,744 பேர். வெறும் மாத்திரை விழுந்த பாதியினரும் தங்கள் பழைய மருந்துகளை விடவில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிசோப்ரோலோல் வகை மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சுமார் ஒன்றரை ஆண்டில், இதய நோயால் இறந்தவர்களும் இதயப் பலவீனம் முற்றிப்போனவர்களும் வெறும் மாத்திரை பெற்ற பக்கம் 100-க்கு 21 பேர், மருந்து பெற்ற பக்கம் 16 பேர். செய்திகளில் இதை '26 விழுக்காடு குறைவு' என்று போடுவார்கள். நூறு பேரில் ஐந்து பேர் என்று சொன்னால்தான் வீட்டில் பேசி முடிவெடுக்க வசதியாக இருக்கும். டாக்டரிடமும் இப்படியே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

வெறும் மாத்திரை கிடைத்தால் நஷ்டம் என்பதும் உறுதியில்லை. மில்ரினோன் என்று ஒரு மருந்து. இதயத்தை இன்னும் பலமாக அடிக்க வைக்கும். பலவீனமான இதயத்துக்கு இதைவிட நல்லது வேறென்ன என்று யாருக்கும் தோன்றும். அதை மாத்திரையாக 1,088 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. மருந்து பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் இறந்தார்கள், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 24. நடுவிலேயே நிறுத்தினார்கள். ஆய்வை வெளியிலிருந்து கண்காணிக்கும் ஒரு குழு உண்டு. யாருக்கு எது போகிறது என்ற கணக்கைப் பார்க்கும் உரிமை சாதாரணமாக அதற்கு மட்டுமே. கெடுதல் என்று தெரிந்தாலும் நிறுத்தும், சந்தேகமில்லாத நன்மை தெரிந்தாலும் நிறுத்தும். டாக்டருக்கே தெரியாமல் வைப்பதற்கும் காரணம் உண்டு. தெரிந்தால், மருந்து பலிக்க வேண்டும் என்ற ஆசை கணக்கைக் கெடுத்துவிடும்.

நான்கு மருந்துகளைத் தொடுவதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு ஆய்வும் காரணம். இங்கிலாந்தில், இதயம் வீங்கிப் பலவீனமாகி, பிறகு மருந்தால் முழுதும் தேறியிருந்த 51 பேரைச் சேர்த்தார்கள். மூச்சு வாங்குவது கூட இல்லை. பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக நிறுத்தியதும், ஆறு மாதத்துக்குள் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. அவர்கள் மாரடைப்பு வந்தவர்கள் அல்ல, அப்பாவின் நிலை வேறு. ஆனாலும் அடுத்த எக்கோவில் 30 என்பது 45 ஆனாலும் மருந்தை நிறுத்த வேண்டாம். 'நல்லாயிருச்சு, மருந்து போதும்' என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

கையெழுத்துக் கேட்கும் அந்த ஒப்புதல் தாள் பல பக்கம் இருக்கும், மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அன்றே கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்றால், அவருக்குப் புரியும் மொழியில் முழுவதும் விளக்க வேண்டும். ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் கூடவே இருந்து கையெழுத்திட வேண்டும். இது சலுகையல்ல, உலகம் முழுவதும் உள்ள விதி. சுகாதார அமைச்சின் மருத்துவமனை என்றால், அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்ததா, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். தயங்காமல் எடுத்துக் காட்டுவார்கள். சேர்ந்த பிறகும் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகினாலும் வழக்கமான சிகிச்சை குறையாது.

முடிவு அப்பாவுடையது. 'டாக்டர் சொன்னால் சரி' என்று அவர் விட்டுவிடுவது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. பெரியவர் சொன்னால் தலையாட்டிப் பழகிய தலைமுறை அது. என்ன நடக்கப்போகிறது என்று அவர் வாயாலேயே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் இன்னும் விளக்கப்படவில்லை என்று அர்த்தம். அம்மாவும் கூட வரட்டும், வீட்டில் மாத்திரையையும் உப்பையும் பார்ப்பவர் அவர்தானே.

ஆய்வில் சேர யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இத்தகைய ஆய்வில் ஆய்வு மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் புதிதாகும் என்று ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கேட்பவர்களைத்தான் நான் நினைக்கிறேன். ஸ்டெம் செல்லை 500 பேருக்கு மேல் வைத்து முறையாகச் சோதித்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. எதை நிரூபிக்கத் தொடங்கினார்களோ அதை நிரூபிக்க முடியவில்லை. விற்கும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை.

சேர்ந்தால் அலைச்சல் உண்டு. ஈப்போவுக்குப் போய்வரும் செலவைத் தருவார்களா, இரத்தப் பரிசோதனை எத்தனை முறை, ஆய்வால் தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஆய்வு அட்டை ஒன்று தருவார்கள், அது எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கட்டும். இரவில் சுங்கை சிப்புட் மருத்துவமனைக்கு ஓட வேண்டி வந்தால் அதைக் காட்டுங்கள். அவசரம் என்றால் அவர் சாப்பிடுவது மருந்தா வெறும் மாத்திரையா என்று கண்டுபிடிக்க வழி உண்டு.

மறைக்கக் கூடாதவையும் இருக்கின்றன. நாட்டு மருந்து, ஜாமு (மலாய் மூலிகை மருந்து), சம்சு (மலிவுச் சாராயம்) எதுவானாலும் ஆய்வுத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். பல வருடம் பால்மரம் வெட்டியவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் வலிக்கும், ஃபார்மசியில் டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடுவார்கள். பலவீனமான இதயத்துக்கு அந்த வலி மாத்திரைகள் ஆகாது, உடம்பில் நீர் கோக்கும், சிறுநீரகம் கெடும். பாராசிட்டமால் போதும். மூன்று நாளுக்குள் எடை இரண்டு கிலோ ஏறினால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்று உலகளாவிய ஆய்வு ஒன்று காட்டியது. நம் உடம்பில் புது மருந்துகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிய நம் ஆட்களும் சேர வேண்டும் என்பது என் விருப்பம். அதற்காக அப்பாவை யாரும் நெருக்கக் கூடாது.

கடைசியாக, மருந்து பலன் கொடுத்தது என்று தெரியவந்தால், ஆய்வு முடிந்த பிறகும் அப்பாவுக்கு அது தொடர்ந்து கிடைக்குமா, எத்தனை மாதத்துக்கு, யார் செலவில்? இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.