ஒரே இசைக்கலைஞரின் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆல்பங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஜோடி எது?

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988). கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். அவசரமாகப் போக வேண்டியவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

கேள்வி கேட்டவரின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஹாஸ்டலிலோ ஆபீஸ் கேன்டீனிலோ ஒருவர் பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்', 'ரிவால்வர்' என்று ஆரம்பித்திருப்பார். இன்னொருவர் பிங்க் ஃபிளாய்டை இழுத்திருப்பார். கடைசியில் யாராவது "தமிழ்ல ஏதுப்பா ஆல்பம், எல்லாம் சினிமாப் பாட்டுதானே" என்று ஒரு போடு போட்டிருப்பார்கள். சட்டென்று வாயில் எதுவும் வராமல் நீங்கள் இங்கே வந்து கேட்டிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு இது மஸ்கட்டில் கம்பெனி ரூமில் நடந்தது. அதனால் எல்லோருக்கும் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சண்டைக்கு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வருடமும் ராஜா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 'மௌன ராகம்', 'நாயகன்', 'அக்னி நட்சத்திரம்' எல்லாம் அதே காலத்தில் வந்தவைதான். சினிமாவையும் பக்திப் பாடல் கேசட்டுகளையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. வெறும் வாத்தியங்களுக்காக அவர் எழுதியவற்றை மட்டும் பார்த்தால் இவை இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். ரஹ்மான் ரசிகர்கள் 'ரோஜா'வையும் 'ஜென்டில்மே'னையும் தூக்கிக்கொண்டு வருவீர்கள், தெரியும். நடுவில் மலையாள 'யோதா'வும் 'புதிய முக'மும் இருக்கின்றன தம்பிகளா, கணக்கைச் சரியாகப் போடுங்கள். நானும் 'ரோஜா' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன்தான், என்னிடம் கோபம் வேண்டாம். இன்னொன்று, எனக்கு ராகமும் தெரியாது, நொட்டேஷனும் தெரியாது. இது இன்ன ராகம் இல்லை என்று கமெண்டில் வந்து பாடம் எடுக்காதீர்கள். நான் ராகம் எதையும் சொல்லப்போவதே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1993-இல் நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. சம்பளம் வந்த வாரம் அங்கே போய், நோட்டுத் தாளில் எழுதிய பாட்டு லிஸ்ட்டையும் காசையும் கொடுத்துவிட்டு வருவேன். மூன்று நாள் கழித்துப் போனால் கேசட் ரெடியாக இருக்கும். லிஸ்ட் எழுதுவதற்கு நான் எடுத்துக்கொண்ட சிரத்தையைப் பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்திருந்தால் தீப்பெட்டி ஆபீஸுக்கே போயிருக்க வேண்டாம் என்று அம்மா சொல்லும்.

அந்த முறை வீட்டுக்கு வந்து டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) போட்டால் பாட்டே வரவில்லை. வயலின் வந்தது. சரி, இது முன்னிசை, இதோ எஸ்.பி.பி. வந்துவிடுவார் என்று காத்திருந்தேன். வயலினுக்கு மேல் வயலின் ஏறியதே தவிர யாரும் பாடவில்லை. அட்டையை எடுத்துப் பார்த்தேன். நீல பால்பாயிண்ட் பேனாவில் "இளையராஜா" என்று இருந்தது. கீழே ஏ சைடு "வயலின்", பி சைடு "புல்லாங்குழல்". அவ்வளவுதான்.

மறுநாள் நேரே கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "என்ன அண்ணாச்சி, பாட்டே இல்லாம வெறும் மியூசிக்கா ஓடுது?" அண்ணாச்சி அட்டையை மட்டும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அடடா, இது வேற ஒரு சாருக்குப் பதிஞ்சது தம்பி. மாறிப்போச்சு. சாயங்காலம் கொண்டாந்து குடு, ஒன்னதைத் தாரேன்" என்றார். கேசட் என் கையில்தான் இருந்தது. அப்போதே கொடுத்திருக்கலாம். ஏனோ "சாயங்காலம் கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று ராத்திரி பி சைடைப் போட்டுக் கேட்டேன். மறுநாளும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் போய், "அது தொலைஞ்சு போச்சு அண்ணாச்சி, அதுக்கும் காசு குடுத்துருதேன்" என்று பச்சைப் பொய் சொன்னேன். நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே காசை வாங்கிக் கல்லாவில் போட்டார்.

அட்டையில் அப்படி எழுதியிருந்ததால் நான் அதை ஒரே ஆல்பம் என்றே நினைத்தேன். முதல் பாதி வயலின், இரண்டாம் பாதி புல்லாங்குழல், ராஜா அப்படித் திட்டம் போட்டு எழுதியிருக்கிறார் என்று பதினோரு வருடம் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்க வருகிற பையன்களுக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். முதலில் மனுசன் வாக்குவாதம் பண்ணுகிறான், பிறகு அமைதியாகி மூச்சு விடுகிறான் என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் அவ்வளவு தப்பும் இல்லை என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.

முதல் ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார். (ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக். எங்கள் அப்பாவிடம் இந்தப் பெயரைச் சொன்னபோது "வெத்தலைப் பாக்கா?" என்று கேட்டார்.) பாக் இறந்தது 1750-இல். தியாகராஜர் பிறந்தது 1767-இல். ஒருவர் ஜெர்மனி, ஒருவர் திருவையாறு. இந்த இரண்டு பேரையும் ஒரு வீட்டில் உட்கார வைத்துப் பேசவிடும் வேலையைப் பண்ணைப்புரத்துக்காரரான நம்ம ராஜா எடுத்துக்கொள்கிறார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு உருப்படி இருக்கிறது. அதில் ஓடுவது பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கொண்ட ஒரு இசைத் தொகுப்பு) முதல் பகுதி. பாக் அதைத் தனி வயலினுக்கு எழுதினார். ஓடையில் தண்ணீர் ஓடுகிற மாதிரி நிற்காமல் ஓடும். ராஜா அதை ஓடவிட்டு, அதற்கு மேலே தன்னுடைய வரியைப் போடுகிறார். விருந்தாளியை அடக்கவும் இல்லை, அவர் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டும் இருக்கவில்லை. அதற்குத் தொடர்ச்சியாக இன்னொன்று, 'அண்ட் வீ ஹேட் எ டாக்', நாங்கள் பேசினோம் என்று. தலைப்பு வைப்பதிலேயே மனுசனுக்கு ஒரு குறும்பு. இன்னொன்றுக்கு 'டோன்ட் கம்பேர்' என்றே பெயர். ஒப்பிடாதே! கமெண்டில் சண்டை போடுகிறவர்களை 1986-லேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

நம் சங்கீதத்தில் ஒரு நேரத்தில் ஒரே கோடுதான். அதை வளைத்து, அசைத்து, கமகம் (ஸ்வரத்தை அசைக்கும் அசைவு) கொடுத்து அழகு பார்ப்போம். மேற்கத்திய இசைக்காரர்கள் நான்கு கோடுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, மோதாமல் பார்த்துக்கொள்வார்கள். 'ஃபியூக்' என்று ஒரு முறை உண்டு. ஒருவர் ஒரு வரியை ஆரம்பிப்பார், அவர் அதை முடித்து மேலே போகும்போதே இன்னொருவர் அதே வரியை வேறு சுருதியில் பிடித்துக்கொண்டு துரத்துவார். வீட்டில் அம்மா ஆரம்பித்த புலம்பலை அத்தை பிடித்துக்கொள்கிற மாதிரி. 'மேட் மாட் மூட் ஃபியூக்' அப்படிப்பட்டதுதான். இதில் வாசிக்கிற வி.எஸ். நரசிம்மனின் வயலினில் கமகமும் வரும், கோடு போட்ட மாதிரி நேர் ஸ்வரமும் வரும். அவர் பெயர் எனக்குத் தெரியவந்ததே 2004-இல்தான். அவ்வளவு நாளும் "அந்த வயலின்காரர்".

இரண்டாவது ஆல்பத்தில் வாக்குவாதம் கிடையாது. ஐந்தே உருப்படிகள். நாற்பது ஐம்பது பேர் இருக்கிற வாத்தியக் குழுவுக்கு முன்னால் ஹரிபிரசாத் சௌராசியாவின் மூங்கில் குழல். அது அவசரப்படாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி, சொல்ல வந்ததை நிதானமாகச் சொல்லும். வயலின்கள் அலையாக எழும்பி வந்து நிற்கும், குழல் அதைக் கண்டுகொள்ளாது. சௌராசியாவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வானொலியில் வேலை பார்த்து, பேரும் எடுத்த பிறகு இந்துஸ்தானி இசை மேதை அன்னபூர்ணா தேவியிடம் சிஷ்யனாகப் போய்ச் சேர்ந்தார். பழையதை விட்டுவிட்டு முதலிலிருந்து படிக்கத் தயார் என்று காட்ட, அதுவரை வாசித்த கையையே மாற்றிக்கொண்டார். அந்தப் பொறுமை இந்தக் குழலில் கேட்கும். 'மொஸார்ட் ஐ லவ் யூ' மட்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கொஞ்சம் சர்க்கரை தூக்கல். அடிக்க வராதீர்கள்.

எனக்கு உயிர் 'கம்போஸர்ஸ் பிரெத்'. அதுவும் என் கேசட்டில் பாதிதான் இருந்தது. 60 நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். அண்ணாச்சி அதைக் கடைசியாகப் பதிந்திருந்ததால் குழல் ஒரு மூச்சு இழுத்து மேலே போகும்போது 'டக்'கென்று டேப் முடிந்துவிடும். எனக்கு அந்த இசையின் முடிவே அந்த 'டக்'தான்.

நடுவில் ஒரு நாள், ஞாயிறு மத்தியானம் என்று ஞாபகம், டிவியில் பாலு மகேந்திராவின் 'வீடு' போட்டார்கள். பாட்டு இல்லாத படம். கொஞ்ச நேரத்தில் பின்னணியில் என் ஏ சைடு ஓடுகிறது! "இது என் கேசட்டுல உள்ளது" என்று கத்தினேன். வீட்டில் யாரும் நம்பவில்லை. டூ-இன்-ஒன்னைக் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டிய பிறகு, சத்தம் தாங்காமல் அண்ணன் வெளியே போய்விட்டான். அந்தப் படத்துக்கு அந்த ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கப் போகிற இடத்தில் அம்மா அழுதது. அப்பா கொத்தனார். அவருக்கு அழுகை வரவில்லை, சிமெண்டுத் திருட்டைப் பார்த்துவிட்டு "எல்லா ஊர்லயும் இதே கததான்" என்றார்.

2001-இல் நான் மஸ்கட் போனேன். அடுத்த பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது டூ-இன்-ஒன்னையும், என் இரும்புப் பெட்டி நிறைய இருந்த கேசட்டையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு அண்ணி இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தார்கள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. லீவில் வந்தபோது அந்தக் குடத்திலிருந்துதான் எனக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தார்கள். கேட்டதற்கு அண்ணன், "ஓடாத கேசட்டை வச்சு என்னலே செய்யப்போற" என்றான். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாடி ரூம் கட்ட நான் அனுப்பிய பணம் மட்டும் இவர்களுக்கு நன்றாக ஓடியது. இன்றைக்கு அந்த ரூமில் வாடகைக்கு ஆள் இருக்கிறது, வாடகை யார் கைக்குப் போகிறது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, தெரியும். ஆனால் அந்தக் கேசட்டை நினைத்தால் அந்தக் குடமும் சேர்ந்தேதான் வருகிறது.

2004 லீவில் சென்னையில் ஒரு மியூசிக் கடையில் நுழைந்து, "ராஜா சாரோட வயலினும் புல்லாங்குழலும் வர்ற சிடி வேணும்" என்றேன். கடைப் பையன் இரண்டு சிடியை எடுத்து வைத்து, "எது சார் வேணும்?" என்றான். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அப்போதுதான் பெயர்கள் தெரிந்தன, 86, 88 என்ற வருடங்கள் தெரிந்தன, அண்ணாச்சியின் கேசட்டில் எத்தனை உருப்படிகள் விடுபட்டிருந்தன என்பதும் தெரிந்தது. அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பர் பெர்த்தில் படுத்துக்கொண்டு டிஸ்க்மேனில் போட்டேன். 'கம்போஸர்ஸ் பிரெத்'தில் அந்த இடம் வந்தது. என் விரல் தானாக எழும்பி 'டக்'குக்குக் காத்திருந்தது. டக் வரவில்லை. குழல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ தெரியாத ஆள் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த மாதிரி இருந்தது. பழக இரண்டு மூன்று வருடம் ஆயிற்று.

இப்போது போனில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுத்தான் கேட்கிறேன், முதலில் வயலின், பிறகு குழல். தனித்தனியாகக் கேட்டால் குறையாக இருக்கிறது. நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். முதல் ஆல்பத்தைக் கேட்டுக் குழம்பினால் பாதியில் நிறுத்தாதீர்கள், நான் ஒரு ராத்திரி முழுக்க எஸ்.பி.பி.க்காகக் காத்திருந்தவன்.

கடைசியாக ஒன்று. 1993-இல் கோவில்பட்டியில் ராஜாவின் வயலினும் புல்லாங்குழலும் ஒரு 60 கேசட்டில் பதியக் கொடுத்து, அது வந்து சேராமல் போன 'வேற ஒரு சார்' இதைப் படித்தால்: அது என்னிடம்தான் இருந்தது. அண்ணாச்சி உங்களுக்கு மறுபடி பதிந்து கொடுத்தாரா? அதிலும் கடைசி உருப்படி பாதியில்தான் நின்றதா?